சொப்புச் சட்டிக்கு ஒரு முத்திரை

மாளய பட்சம் நடந்துகொண்டிருக்கும் பதினைந்து நாட்களில், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதையில் ஒருவர்மேல் இடிக்காமலும் ஒரு பொம்மையின்மேல் கால் படாமலும் நடந்து போவதென்பது, பல வருஷம் அந்த வட்டாரத்திலேயே குடியிருந்தவர்களுக்கு மட்டும் கைவந்த வித்தை. பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்தும் வைக்கோலில் பொதிந்து வந்திறங்கிய தசாவதாரங்களும், நாதஸ்வரக் கோஷ்டியோடு கூடிய கல்யாண ஊர்வலங்களும், கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் தம்பதிகளும் தார்ப்பாயின்மேல் வரிசை பிடித்து நிற்க, அவற்றுக்கு நடுவே எளிதில் கண்ணில் படாத ஒரு மூலையில், வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட மரச்சொப்புகள் இருக்கும். போன வருஷம் என் பேத்திக்காக அப்படி ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, குடம், அடுப்பு, அடுப்பின்மேல் வைக்க ஒரு சட்டி. எல்லாவற்றிலும் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கடைசலில் ஓட்டிய வளையங்கள். முகர்ந்து பார்த்தால் புது வார்னிஷின் நெடி.

விளையாட்டாகத்தான் கேட்டேன்: “இதுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காம்மா?”

“ஐ.எஸ்.ஐ.யா? அது ஹெல்மெட்டுக்குத்தானே சார் கேப்பாங்க?” என்றார் கடைக்கார அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிருஷ்ணனின் உடைந்த மூக்குக்கு வர்ணம் தொட்டுக்கொண்டிருந்த அவருடைய மகன் மட்டும் தலையை நிமிர்த்தி, “பொம்மைக்கும் வந்துருச்சும்மா, ரொம்ப நாளாச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூக்கில் கவனமானான்.

அந்தப் பையன் சொன்னது சரி. 2020ஆம் வருஷம் பிப்ரவரி 25ஆம் தேதி மத்திய வர்த்தக அமைச்சகம் பிறப்பித்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு, முதலில் அந்த வருஷம் செப்டம்பரில் அமலாவதாக இருந்து, பிறகு 2021 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று உருவாக்கப்பட்ட எந்தப் பொருளும், உள்நாட்டில் செய்ததானாலும் கப்பலில் வந்ததானாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்று ஐ.எஸ்.ஐ. முத்திரை தாங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டாய முத்திரை விதிக்கப்பட்ட பொருளை முத்திரையின்றிச் செய்வது மட்டுமல்ல, விற்பதும், இருப்பு வைப்பதும், விற்பனைக்கென்று பரப்பி வைப்பதும்கூட 2016ஆம் வருஷத்துத் தர நிர்ணயச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எழுதப்பட்டபடி, முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது குறைந்தபட்சம் இரண்டு லட்ச ரூபாய் அபராதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொலுப்படியில் அலங்காரமாக உட்காரப்போகும் தசாவதாரம் விளையாட்டுப் பொருளல்லவென்பதால், உத்தரவின் சொற்களை நேராகப் படித்தால் அதற்கு முத்திரை தேவைப்படாது. அதே தார்ப்பாயின் மூலையில் தொங்கும் சொப்புச் சட்டிக்குத் தேவைப்படும். ஒரே கடையில், ஒரு முழ தூரத்துக்குள், பெருமாளுக்கு விலக்கு, அம்மிக்குழவிக்குச் சட்டம்.

சட்டம் வந்த காரணத்தைக் குறை சொல்வதற்கில்லை. 2019இல் இந்தியத் தரக் கவுன்சில் டில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடைகளில் விற்ற இறக்குமதிப் பொம்மைகளை வாங்கிப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 67 பொம்மைகள் தேறவில்லை. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னதாகவே, 2007இல், ‘கரண்ட் சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, டில்லி, மும்பை ஆகிய நகரங்களோடு நமது சென்னையிலும் வாங்கிய மென்பிளாஸ்டிக் பொம்மைகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதைக் காட்டியிருந்தது. ஈயம் என்பது பெரியவர்களைவிடக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிற விஷம்; ரத்தத்தில் இவ்வளவு வரைக்கும் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யூனிசெப் 2020இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, கவலைக்குரிய அளவு ஈயம் ரத்தத்தில் ஏறிய குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடி என்று மதிப்பிட்டது. அத்தனைக்கும் பொம்மையே பொறுப்பென்று சொல்ல முடியாது. பழைய பாட்டரி உருக்கும் பட்டறைகளும் கலப்பட மஞ்சள்தூளும் அந்தக் கணக்கில் பெரும் பங்காளிகள். ஆயினும் குழந்தை தானே விரும்பி வாயில் வைப்பது பொம்மையைத்தான்.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன்மீது ஒரு மரியாதையே பிறக்கும். ஐ.எஸ். 9873 என்ற பல பாகங்கள் கொண்ட தர ஆவணம்தான் பொம்மைக்கு அடிப்படை. மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. முதற்பாகத்தில் ஒரு சிறு உலோகக் குழாய் வருகிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பாகம் சரிவாக அமைந்திருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டர், மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை மனத்தில் கொண்டு செய்த அளவு அது. அந்த வயதுக் குழந்தைக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்ற ஒரு துண்டோ, அழுத்தாமலே முழுவதும் அந்தக் குழாய்க்குள் அடங்கிவிட்டால் தேறவில்லை என்று அர்த்தம். பொம்மையைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவார்கள்; கண்ணையும் காதையும் பிடித்து இழுப்பார்கள்; முறுக்குவார்கள்; சுருங்கச் சொன்னால், ஒரு துஷ்டக் குழந்தை ஒரு மாதத்தில் செய்வதை ஒரு பிற்பகலில் செய்து முடிப்பார்கள். இரண்டாம் பாகம் தீப்பற்றுவதைப் பற்றியது. மூன்றாம் பாகம்தான் வர்ணத்தைப் பற்றியது: பொம்மையின் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து, மனித இரைப்பையின் அமிலத்துக்கு ஒப்பாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடம்பின் சூடான 37 டிகிரியில், ஒரு மணி நேரம் குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அதில் ஆண்டிமனி, ஆர்சனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம் என்ற எட்டும் எவ்வளவு கரைந்து இறங்கின என்று பார்க்கிறார்கள். ஈயமானால் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக்கூடாது. குழந்தை ஒரு துணுக்கை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் என்ன நடக்குமோ அதைக் கண்ணாடிக் குடுவையில் நடத்திப் பார்க்கும் இந்த யுக்தியில் தாயின் கவலையும் ரசாயனியின் நிதானமும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

முத்திரையை எல்லோரும் இன்றும் ஐ.எஸ்.ஐ. என்றே சொல்கிறார்கள், 1947இல் பிறந்த அந்த ஸ்தாபனத்தின் பெயர் 1987இலேயே மாறிவிட்டது, முத்திரையின் பெயர் மட்டும் மாறவில்லை. அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் அடையாற்றைத் தாண்டித் தரமணியில், சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. வடக்கு மாட வீதியிலிருந்து ஆட்டோவில் போனால், போக்குவரத்து நெரிசல் இல்லாத வேளையில், அரை மணி நேரம். இந்த அரை மணி நேர தூரத்தைத்தான் சிறு வியாபாரிகளால் கடக்க முடியவில்லை.

உரிமம் என்பது ஒரு மனுவைக் கொடுத்து ஒரு சீட்டை வாங்கிவருகிற காரியமல்ல. தயாரிக்கும் இடத்தை அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். பொம்மையின் மூலப்பொருள், வகை, எந்த வயதுக் குழந்தைக்கு என்பவற்றையெல்லாம் வைத்துத் தொகுத்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதோடு, உற்பத்தி செய்கிறவர் தம் பட்டறையிலேயே ஒரு சோதனைக்கூடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கூடத்துக்கு வேண்டிய கருவிகள் லட்சக்கணக்கில் விலை பெறுவன. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: ஒரு வகைப் பொம்மையைச் சோதிக்கப் பத்தாயிரம் ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், அச்சில் வார்த்து அதே பொம்மையில் லட்சம் செய்கிற ஆலைக்காரருக்குப் பொம்மைக்குப் பத்துப் பைசா செலவு. அதே வகையில் ஐம்பது மட்டும் செய்கிறவருக்குப் பொம்மைக்கு இருநூறு ரூபாய். ஆலைக்காரர் வருஷம் முழுவதும் ஒரே யானையைச் செய்கிறார். கடைசல்காரரோ, வாங்குகிறவர் அலுத்துப் போகாமலிருக்க, இந்த மாதம் யானை, அடுத்த மாதம் மயில், அதற்கடுத்து நடைவண்டி என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார். அவருடைய பிழைப்பே வகைகளில் இருக்கிறது. கட்டணமும் வகைக்குத்தான் விழுகிறது. இந்த ஒரு கணிதத்தைப் புரிந்துகொண்டால் போதும், சிறு தொழில்காரர்கள் உலகமெங்கும் சோதனை விதிகளை எதிர்த்து எழுப்பும் கூக்குரல் முழுவதும் புரிந்துவிடும். பாதுகாப்பு வேண்டாமென்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விசித்திரம் என்னவென்றால், உத்தரவு ஒத்திவைக்கப்பட்டிருந்த அதே மாதங்களில்தான், 2020 ஆகஸ்ட் 30ஆம் தேதி, பிரதமர் தமது வானொலி உரையில் கர்நாடகத்துச் சென்னப்பட்டணம், கொண்டப்பள்ளி, தஞ்சாவூர் என்று ஊர்களின் பெயரை அடுக்கி நாட்டுப் பொம்மைகளின் மகிமையைப் பேசினார். தலையாட்டிப் பொம்மையைப் புகழ்வது ஒரு கை, அதற்குச் சோதனைக்கூடம் கேட்பது மற்றொரு கை என்றிருந்த இந்த நிலைமை நெடுநாள் நீடிக்க முடியாதல்லவா? கைவினைஞர்களும் சிறு தயாரிப்பாளர்களும் முறையிட்டதன் பலனாக, அந்த டிசம்பரிலேயே உத்தரவு திருத்தப்பட்டது. மத்திய கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதன் உரிமையாளர்களும் அங்கீகாரம் பெற்றவர்களும் செய்யும்போது அவற்றுக்கும் விலக்குக் கிடைத்தது. குறுந்தொழில்களுக்கு, சொந்தச் சோதனைக்கூடம் வைக்கும் நிர்ப்பந்தம் முதலில் ஒரு வருஷமும் பிறகு மேலும் மூன்று வருஷமும் தளர்த்தப்பட்டது. குறைந்தபட்ச முத்திரைக் கட்டணத்தில் அவர்களுக்கு 80 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமங்கள் இதுவரை வழங்கப்பட்டிருக்கின்றன. ஆகவே சர்க்கார் செவி சாய்க்கவில்லையென்று சொல்வது அநியாயம்.

ஆனால் கொடுத்த விலக்கின் வடிவத்தைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது செய்கிறவர் யார் என்று பார்க்கிறது. பூசிய வர்ணம் எது என்று பார்க்கவில்லை.

மரப்பாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கொலுவில் மேல்படியில் ராஜா ராணியாக நிற்கும் அந்த ஜோடி, ஒரு காலத்தில் வீட்டுக் குழந்தையின் வாயில்தான் முக்கால்வாசி நேரம் இருந்தது. பல் முளைக்கும் குழந்தை எதையாவது கடிக்கும் என்று தெரிந்த பாட்டிமார், செஞ்சந்தனத்திலும் கருங்காலியிலும் செதுக்கிய பொம்மையை, வர்ணம் பூசாமல், அப்படியே கையில் கொடுத்தார்கள். அந்த மரத்தின் சாறு உள்ளே போனாலும் நல்லதென்று நம்பினார்கள். வைத்தியரீதியில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நிற்குமோ நானறியேன், ஆனால் பொம்மையின் கடைசி இருப்பிடம் வாய் என்பதை அவர்கள் மறக்கவில்லை. சென்னப்பட்டணத்துக் கடைசல்காரர்களும் வெட்பாலை மரத்தைச் சுழலவிட்டு அரக்கில் கலந்த தாவரச் சாயத்தைச் சூட்டோடு ஏற்றியவர்களே. பின்னால் வந்ததுதான் டப்பாவில் அடைத்த வர்ணம். கண்ணைப் பறிக்கும் மஞ்சளுக்கு மலிவான வழி ஈய குரோமேட்டு. நான் முகர்ந்து பார்த்த சொப்புச் சட்டியின் மஞ்சள் எந்த வகையைச் சேர்ந்தது? அதைக் கடைந்தவர் கைவினைஞர் அட்டை வைத்திருக்கலாம். அவருடைய ஊருக்குப் புவிசார் குறியீடும் இருக்கலாம். குழந்தையின் இரைப்பைக்கு இந்த இரண்டையும் படிக்கத் தெரியாது.

விலக்கின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, தியாகராய நகர்த் தையற்கடைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளைச் சேகரித்து, பஞ்சு அடைத்து, யானையும் பசுவும் தைக்கிறார். முதலில் கண்ணுக்குப் பொத்தான் வைத்தார். அவருடைய சொந்த மகனே ஒரு நாள் அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ள, அன்றோடு பொத்தானை விட்டுவிட்டுக் கறுப்பு நூலால் கண்ணைத் தைக்கத் தொடங்கினார். அந்த உலோகக் குழாயைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாமலேயே அது சொல்லும் பாடத்தைப் பாதி கற்றுவிட்டார். உரிமத்தைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் சிரித்துவிட்டார். “மாசத்துக்கு நான் தைக்கறதே பதினஞ்சு, பதினாறு. மாதிரிக்குன்னு நாலஞ்சை வெட்டிப் பாக்கக் குடுத்துட்டா நவராத்திரிக்கு விக்கறதுக்கு என்ன மாமா மிஞ்சும்?” கைவினைஞராகப் பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். பரம்பரையாக வந்த தொழிலில்லை, நானாக வீட்டில் கற்றுக்கொண்டது, என்னைக் கைவினைஞர் என்பார்களா என்ற சந்தேகம் அவருக்கு. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்க்கவும் கூச்சம். சட்டத்தில் வாசல் திறந்திருப்பதற்கும், அதில் நுழையலாமென்று ஒருவருக்குத் தோன்றுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

இதில் மாட வீதி அம்மாளின் நிலை இன்னும் சிக்கல். கைவினைஞர் ‘செய்து விற்கும்’ பொருளுக்கு விலக்கு என்பது உத்தரவின் வாசகம். அவர் செய்யவில்லை, அம்பாசமுத்திரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ மூட்டையில் வந்ததை வாங்கி விற்கிறார். கடைந்தவருக்குக் கிடைத்த நிழல் நடைபாதை வரைக்கும் நீளுமா என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். சொப்புச் சட்டிக்காக வக்கீல் வைப்பவர் யார்?

அடையாற்றுப் பக்கம் போனால் வேறொரு கூட்டத்தைப் பார்க்கலாம். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் இங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்திய நாளிலிருந்து, வழவழப்பான மரத்துண்டுகளையும் மணிகளையும் கொண்டு குழந்தைக்கு எண்ணும் நீளமும் கனமும் கற்பிக்கும் சம்பிரதாயம் இந்த வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. வர்ணமேயில்லாமல், எண்ணெய் தேய்த்த வேப்பமரத்தில் கிலுகிலுப்பையும் அடுக்கு வளையமும் செய்து விற்கும் படித்த இளைஞர்கள் இப்போது கொட்டிவாக்கம், பெசன்ட் நகர்ப் பகுதிகளில் ஆங்காங்கே இருக்கிறார்கள். நான்கைந்து தச்சர்களை வைத்து, ரம்பமும் மெருகேற்றும் இயந்திரமும் போட்டிருப்பதால் தனிக் கைவினைஞர் என்றும் சொல்ல முடியாமல், ஆலை என்று சொல்லவும் ஆளில்லாமல் நடுவில் நிற்கிற இவர்கள்தான் விதியின் முழுப் பாரத்தையும் தாங்குகிறவர்கள். வர்ணமே பூசாதவர் வர்ணச் சோதனைக்குப் பணம் கட்டுவதும், பூசியவர் அட்டையைக் காட்டிவிட்டுப் போவதும் எந்த ஊர் நியாயம்?

நமக்கு முன்னால் இதே பாதையில் அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டது. 2007இல் சீனாவில் செய்த பொம்மைகளில் ஈய வர்ணம் இருந்ததால், உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பெனிகளில் ஒன்றான மாட்டெல் உட்படப் பலர் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. தாய்மார்களின் கோபம் சட்டமாயிற்று: 2008 ஆகஸ்டில் கையெழுத்தான நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொருள்களை வெளியார் சோதனைக்கூடத்தில் சோதிக்க வேண்டுமென்றது. மர ரயில் கடைபவர்களும், குழந்தைத் தொப்பி பின்னுகிறவர்களும் திடுக்கிட்டு விழித்தார்கள். சட்டம் அமலாக வேண்டிய 2009 பிப்ரவரி 10ஆம் தேதிக்கு அவர்கள் ‘தேசியத் திவால் தினம்’ என்றே பெயரிட்டார்கள். கையால் பொம்மை செய்பவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். பழைய குழந்தைப் புத்தகங்களின் அச்சு மையில் ஈயம் இருக்கலாமென்ற பயத்தில், 1985க்கு முன் அச்சான கதைப் புத்தகங்களை என்ன செய்வதென்று நூலகங்கள்கூடத் தவித்தன. இதற்கிடையில், எந்தக் கம்பெனியின் பொம்மைகளால் கூச்சல் கிளம்பியதோ அந்த மாட்டெலுக்கு, வெளிக்கூடம் தேவையில்லை, தன் சொந்தச் சோதனைக்கூடங்களிலேயே சோதித்துக்கொள்ளலாமென்று 2009இல் அனுமதி கிடைத்தது. அதே வருஷம் அது 23 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது. பெரிய மீனால்தான் வலை பின்ன நேர்ந்தது. அது வலையையும் சொந்தமாக வைத்துக்கொண்டது.

ஆனால் அங்கே சிறியவர்கள் ஓயவில்லை. அவர்கள் பெற்ற சலுகைகளின் வடிவம்தான் நமக்குப் பாடம். மெழுகோ வர்ணமோ ஏற்றாத மரம், பருத்தி போன்ற இயற்கைப் பொருள்களில் ஈயம் இராதென்று விதியிலேயே எழுதி, அவற்றுக்கு ஈயச் சோதனையே வேண்டாமென்று 2009இல் தீர்மானித்தார்கள். 2011இல் வருஷ விற்பனை பத்து லட்சம் டாலருக்கு மேற்படாத, ஒரே பொருளில் 7,500க்கு மேல் செய்யாத சிறு தயாரிப்பாளருக்குச் சில சோதனைகளிலிருந்து தளர்வு கொடுத்தார்கள். அந்த வருஷமே உறுப்புச் சோதனை என்ற ஏற்பாடும் வந்தது: வர்ண டப்பாவை விற்பவர் அதை ஒரு தடவை சோதித்துச் சான்று கொடுத்துவிட்டால், அதைப் பூசிய நூறு வகைப் பொம்மைக்கும் தனித்தனியே அந்தச் சோதனை வேண்டியதில்லை. விஷம் டப்பாவில்தான் வருகிறது. ஆகவே அதை டப்பாவிலேயே பிடிப்பது என்ற இந்த எளிய யோசனை நமது வர்ணக் கடைகளுக்கும் பொருந்தும். வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்ற விதி 2016இல் எழுதப்பட்டு 2017 நவம்பரிலிருந்து இங்கேயும் அமலில் இருக்கிறது. தொழிற்சாலை உபயோகத்துக்கான வர்ணங்கள் அதற்குள் அடங்கவில்லை என்பது அதன் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்து, கடைசல்காரர் கையில் ஒரு சான்றிட்ட வர்ண டப்பாவும் அதன் ரசீதும் இருக்கும்படி செய்தால், விலக்கு கேட்டு அவர் யார் படியும் ஏற வேண்டாம்.

தியாகராய நகரில் கதை வேறு மாதிரி. பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் விற்கிற பொம்மை பெரும்பாலும் பிளாஸ்டிக். அங்கே முத்திரை நல்ல வேலை செய்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். 2023 ஜனவரியில், நாடு முழுவதும் பெரிய கடைகளில் நடந்த சோதனைகளில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகள் கைப்பற்றப்பட்டதாக அமைவனம் அறிவித்தது. கூடவே சுங்கவரியும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும் 2023இல் 70ஆகவும் ஏறியதால், பொம்மை இறக்குமதி 2014-15ஐ ஒப்பிட 2022-23இல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பாதுகாப்பு முத்திரை சுங்கச்சாவடிக் காவலாளியின் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. இரட்டை வேலை பார்க்கிற காவலாளி பெரும்பாலும் சிறிய ஆளைத்தான் அதிகம் நிறுத்திவைப்பான்.

கூட்டமாகக் கேட்டால் கிடைக்கிறது என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தங்க நகைக்கு 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது, ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் பொறிப்பதை எதிர்த்து, அந்த ஆகஸ்ட் 23ஆம் தேதி நாடெங்கும் நகைக்கடைக்காரர்கள் அடையாளக் கடையடைப்பு அறிவித்தார்கள். வருஷம் 40 லட்ச ரூபாய் வரை வியாபாரம் செய்யும் சிறு கடைகளுக்குத் தொடக்கத்திலேயே விலக்கு இருந்தது. 2025 நவம்பரில், பாலியெஸ்டர் இழையும் அதன் மூலப்பொருள்களும் உட்பட 14 பொருள்களுக்கான தரக்கட்டுப்பாட்டு உத்தரவுகளை மத்திய அரசு ஒரேயடியாக வாபஸ் வாங்கிற்று. ஜவுளித்துறை இடைவிடாமல் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது. நகைக்கடைக்கும் நூற்பாலைக்கும் சங்கம் உண்டு, செயலாளர் உண்டு, டில்லிக்கு விமான டிக்கெட் உண்டு. துணி யானை தைக்கிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது.

அன்று மாட வீதியில் அந்தச் சொப்புப் பையை நான் வாங்காமல் வரவில்லை. “பேரப்பிள்ளைக்கா சார்? சின்னப் புள்ளைன்னா குழவியை மட்டும் எடுத்து வெச்சுருங்க, வாயில போட்டுக்கும்” என்று அந்த அம்மாள் தாமாகவே சொல்லி, பையின் முடிச்சை அவிழ்த்துக் குழவியைத் தனியே என் சட்டைப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்ததும், பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அளவுகோலை வைத்து 31.7 மில்லிமீட்டருக்குக் கூடியமட்டும் நெருக்கமாக ஒரு குழாய் சுருட்டி, அடியில் சரிவாக ஒரு தட்டு ஒட்டினேன். மூன்றரை வயதுப் பேத்தி இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுடைய தம்பிக்கு அப்போது ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். உரல் வாயிலேயே நின்றது. அடுப்பு நின்றது. குடம் கழுத்துவரை போய்த் தங்கிற்று. உலக்கை உள்ளே இறங்கினாலும் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழவி மட்டும் சத்தமில்லாமல் விழுந்து முழுவதும் மறைந்தது. அதை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். குழாயைப் பேத்தி விடவில்லை. அவளுடைய சமையலறையில் அதுதான் இப்போது அரிசி அளக்கும் படி.